நினைவின் செலவை யார் ஏற்பது?

ஓர் ஊரின் வரலாற்றைக் காத்து வைப்பதற்கென எழும் சிறிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் இரண்டு குறைகளைச் சொல்கின்றன. பார்க்க வருவோர் இல்லை என்பது ஒன்று; நடத்தப் பணம் இல்லை என்பது மற்றொன்று. முதற்குறையைத் தீர்க்கக் கண்ணாடிப் பெட்டிகளையும் விளக்குகளையும் மாற்றுகிறார்கள். இரண்டாவதைத் தீர்க்க ஊர்ச் செல்வந்தர்களின் பட்டியலைக் கையில் எடுக்கிறார்கள். காட்சி ஒரு குழுவின் பொறுப்பு, நிதி மற்றொரு குழுவின் பொறுப்பு என வேலையும் பிரிந்துவிடுகிறது.

இவ்விரண்டும் உண்மையில் ஒரே கேள்வி என்பதே நமது எண்ணம். யாரிடமிருந்து, எந்த உடன்பாட்டின்பேரில் பணம் பெறுகிறோம் என்பது, சுவரில் எதை எழுதத் துணிவோம் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. சுவரில் எழுதப்படுவது உண்மையாக இல்லாவிட்டால் மக்கள் ஒருமுறை வந்து பார்த்துப் போவார்கள்; மறுமுறை வரமாட்டார்கள். ஆகவே இதை நிர்வாகக் கேள்வியாகக் கொள்வதற்கு முன், அறக்கேள்வியாகக் கொள்வது நலம்.

நாம் வாழும் திருப்பூர் வட்டாரத்தை வைத்தே இதனைச் சிந்திப்போம். இங்கே தொழிலின் வரலாற்றைச் சொல்லும் ஒரு சிறு காட்சிக்கூடம் எதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும்? சென்னிமலைக்கு மேற்கே நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் தொடங்கலாம். பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று குறிப்பிடும் ஊர் அது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1980களில் அங்கு நடத்திய அகழாய்வுகளிலும் பின்னர் நடந்தவற்றிலும் மணிக்கற்களும், இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. தமிழி எழுத்துகளில் ஆட்பெயர்கள் கீறப்பட்ட பானை ஓடுகளும் ஏராளமாகக் கிடைத்தன. அவர்களுள் பலர் மன்னர்கள் அல்லர். தம் பானையில் தம் பெயரைக் கீறி வைத்த மக்கள்.

அதன்பின் கதர் இயக்கம். 1920களில் திருப்பூர் தமிழகத்தின் கதர் உற்பத்திக்கு முதன்மையான மையமாக விளங்கியது. 1932ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள் கொடியேந்திச் சென்று அடிபட்டு, மறுநாள் உயிர்நீத்த குமரன், சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். திருப்பூரில் பஞ்சாலை ஒன்றில் கணக்கெழுதிப் பிழைத்தவர். பின்னர் பனியன் தொழில். உள்நாட்டுச் சந்தைக்கு வெள்ளை பனியன் செய்துகொண்டிருந்த ஊர், 1970களின் இறுதியில் இத்தாலிக்கு அனுப்பத் தொடங்கியது. 1990இல் ஏற்றுமதியாளர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 2005 ஜனவரி முதல் நாள் உலக ஆடை வணிகத்தில் நாட்டுவாரி ஒதுக்கீட்டு முறை நீங்கியபின் தொழில் மேலும் விரிந்தது. 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாயிற்று.

இவ்வளவும் சொல்வதற்கு எவரும் தடை சொல்லமாட்டார்கள். இது வெற்றியின் வரலாறு. தொழிலாளியாய்த் தொடங்கி உரிமையாளராய் உயர்ந்தவர்கள் பலரைக் கண்ட ஊர் இது. அவர்களது உழைப்பும் துணிவும் சொல்லத்தக்கவையே.

ஆனால் சொல்லாமல் விடத் தூண்டும் ஏடுகளும் உண்டு. பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர்கள் 1984இல் நடத்திய, மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் ஒன்று. திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை கிடைக்கும் என்ற வாக்குறுதியின்பேரில் இளம்பெண்களை நூற்பாலை விடுதிகளில் ஆண்டுக்கணக்கில் தங்கவைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' மற்றொன்று. எல்லாவற்றினும் பெரியது நொய்யல். பாசனத்திற்கெனக் கட்டி 1992இல் பயன்பாட்டிற்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது. அந்த நீரைத் திறந்துவிட வேண்டாம் என்று உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. ஆற்றுப் பாசன உழவர்கள் தொடுத்த வழக்குகளின் முடிவில், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. பட்டறைகள் நின்றன; பல குடும்பங்களின் அடுப்பும் நின்றது. அதன்பின்தான் கழிவுநீரைச் சுத்திகரித்து, ஒரு சொட்டும் வெளியேற்றாமல் மீண்டும் பயன்படுத்தும் முறை இங்கே வேரூன்றியது. குற்றம், தண்டனை, திருத்தம் ஆகிய மூன்றும் அடங்கிய வரலாறு அது.

இப்போது கேள்விக்கு வருவோம். இந்தக் காட்சிக்கூடத்திற்குப் பணம் தர வல்லவர்கள் யார்? பெரும்பாலும் இத்தொழிலால் வளம் பெற்றவர்களே. அவர்களுள் எவரும், "நொய்யலைப் பற்றி எழுதாதீர்கள்" என்று வாய்திறந்து சொல்லப்போவதில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நன்கொடைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசகம் எழுத அமர்பவரின் பேனா தானே தயங்கும். "இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல வேண்டுமா? அடுத்த ஆண்டும் அவரிடம் போக வேண்டுமே" என்று உள்ளம் கணக்குப் போடும். பொய் எழுதப்படுவதில்லை, ஒரு பெட்டி மட்டும் வெறுமையாக விடப்படுகிறது. அருங்காட்சியகத்தில் பொய் நுழையும் வழி பெரும்பாலும் இதுதான்.

நம் ஆலயங்களிலும் கோயில்களிலும் குழல்விளக்கின்மேல் அன்பளித்தவர் பெயரைப் பெரிதாக எழுதி வைப்பதைக் கண்டிருக்கிறோம். பெயர் எவ்வளவு பெரிதோ, வெளிச்சம் அவ்வளவு குறைவு. விளக்குக்கு இது சிறு குறை. வரலாற்றுக்கோ இது பெருங்குறை.

அப்படியானால் செல்வரின் கொடையை மறுத்துவிட வேண்டுமா? அவசரமாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. தவறான வழியில் வந்த பொருளிலிருந்து தருமம் செய்யலாமா என்ற கேள்வியைப் புனித தாமஸ் அக்குவினாஸ் தமது 'இறையியல் தொகுப்பு' நூலில் எடுத்துக்கொண்டு, பொருளை மூவகையாகப் பிரிக்கிறார். திருட்டு, கொள்ளை, வட்டி போன்றவற்றால் வந்தது முதல் வகை. அது யாரிடமிருந்து எடுக்கப்பட்டதோ அவருக்கே திரும்பச் சேர வேண்டும். அதைத் தருமமாகக் கொடுக்க முடியாது. கொடுத்தவரும் பெற்றவரும் இருவருமே நெறி தவறிய வணிகத்தால் வந்தது இரண்டாம் வகை. பெற்றவர் அதை வைத்துக்கொள்ளவும் கூடாது, கொடுத்தவருக்குத் திருப்பவும் வேண்டியதில்லை, ஏழைகளுக்கே செலவிட வேண்டும். ஈட்டிய செயல் இழிவானதாயினும் பொருள்மீது உரிமை உண்டு என்பது மூன்றாம் வகை. அதிலிருந்து தருமம் செய்யலாம்.

ஏழு நூற்றாண்டுகளுக்கு முந்திய இப்பாகுபாடு இன்றும் உதவுகிறது. தொழிலாளியின் ஊதியத்திலிருந்து பிடித்துச் செலுத்தாமல் விட்ட சேமநல நிதி, ஒன்றரை ஷிப்ட் வேலை வாங்கிவிட்டு ஒரு ஷிப்ட்டுக்கு மட்டும் தந்த கூலி, பாழான நிலத்துக்கு உழவருக்குச் சேர வேண்டிய இழப்பீடு ஆகியவை கடன்கள். கடனை அடைக்காமல் அதே பணத்தைக் கொடையென்று நீட்டுவோரிடம், முதலில் கடனைத் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதே அறம். நேர்மையாய் ஈட்டியவரின் கொடையையோ நன்றியோடு ஏற்கலாம், ஏற்கவும் வேண்டும். தொழில் செய்து செல்வம் சேர்ப்பது பாவமன்று.

ஆயினும் நல்ல பணத்திலும் ஓர் எல்லை உண்டு. கொடுப்பவர் கட்டடத்தைக் கொடுக்கலாம். அதற்குள் சொல்லப்படும் உண்மையைத் தம் கொடைக்கு ஈடாகக் கேட்க முடியாது. ஏனெனில் அந்த உண்மை அவருக்கு மட்டும் உரியதன்று. ஓவர்லாக் இயந்திரத்தின் முன் அமர்ந்தவர்களும், அவர்களுக்குத் துணியெடுத்து மடித்துக் கொடுத்த கைமடிச் சிறுவர்களும், ஆற்றோரம் தென்னை பட்டுப்போகக் கண்ட உழவர்களும் அதன் பங்காளிகள். பொதுச்சொத்தைப் பங்காளி ஒருவர் மட்டும் விற்கவோ மற்றொருவர் வாங்கவோ நம் ஊர் வழக்கத்திலும் இடமில்லை.

இங்கே மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, பெருங்கொடையாளர் இல்லாமல் அருங்காட்சியகமே எழாது என்பது. உண்மைதான். மதுரைக்கு அருகே கீழடியில் 2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் அரசின் பணத்தில், ஏறத்தாழ 18 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்தது. எல்லா ஊர்களுக்கும் அது வாய்க்காது. அகமதாபாத்தில் 1949இல் தோன்றிய காலிகோ துணி அருங்காட்சியகத்தை ஆலைச் செல்வமே உருவாக்கியது. கோவை அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் துணி அருங்காட்சியகமும் பஞ்சாலைத் துறையின் அறிஞர் ஒருவரது முயற்சியால் எழுந்தவை. இத்தகையோர் இல்லாதிருந்தால் நமக்குத்தான் இழப்பு.

இரண்டாவது மறுப்பு, ஆறிய புண்ணைக் கிளறுவானேன், அதனால் ஊரின் பெயரும் வணிகமும் கெடாதா என்பது. இதற்கு இங்கிலாந்தின் செஷயர் பகுதியிலுள்ள குவாரி பேங்க் பஞ்சாலை விடையளிக்கிறது. 1784இல் சாமுவேல் கிரெக் தொடங்கிய ஆலை அது. 1939இல் அக்குடும்பத்தின் வழித்தோன்றலே அதை நாட்டின் பாரம்பரியச் சொத்துகளைக் காக்கும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். இன்று அங்கே செல்வோர் நீர்ச்சக்கரத்தையும் தறிகளையும் மட்டும் காண்பதில்லை. அநாதை விடுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்டு வேலைக்கு அமர்த்தப்பட்ட சிறுவர்கள் தங்கிய வீட்டையும் காண்கிறார்கள். 1806இல் அங்கிருந்து லண்டனுக்கு ஓடிப்போன இரு சிறுவர்களின் வாக்குமூலம் அங்கே நினைவுகூரப்படுகிறது. அவர்களுள் ஒருவன் இயந்திரத்தில் விரலை இழந்தவன். கிரெக் குடும்பத்துக்குக் கரிபியத் தீவொன்றில் அடிமைகள் உழைத்த தோட்டம் இருந்ததும் மறைக்கப்படுவதில்லை. இதனால் அக்குடும்பத்தின் கொடை சிறுமைப்படவில்லை. தன் முன்னோரின் குறையையும் ஊர் அறியட்டும் என்று விட்டுக்கொடுக்கப்பட்ட கொடையே முழுமையான கொடை.

இதற்கு எதிர்ப்புறத்தையும் பார்க்கலாம். அமெரிக்காவில் வலிநீக்கி மருந்தொன்றின் விற்பனையால் பெருஞ்செல்வம் சேர்த்த சாக்லர் குடும்பத்தினர், உலகின் பெரிய அருங்காட்சியகங்களுக்கு வாரி வழங்கிக் கூடங்களுக்குத் தம் பெயரைச் சூட்டினர். அம்மருந்துக்கு அடிமையாகி மாண்டோரின் உறவினர்கள் எழுப்பிய குரலால், 2019இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகமும் 2021இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் அப்பெயரை அகற்றின. சுவரில் பெயரைப் பொறிப்பது எளிது. அது அங்கே நிலைப்பது ஊர் மக்களின் மனத்தைப் பொறுத்தது.

மூன்றாவது மறுப்பு நம்மைப் போன்றோரிடமிருந்தே வரும். ஏழைகள் வாடகைக்கும் மருந்துக்கும் தவிக்கையில் பழம்பொருளுக்கு எதற்குப் பணம்? பெத்தானியாவில் நறுமணத் தைலம் உடைந்தபோதும் இதே கேள்வி எழுந்தது. பசித்தவனுக்குச் சோறு முதலில், அதில் ஐயமில்லை. ஆனால் ஏழையிடமிருந்து பறிபோவது சோறு மட்டுமன்று, அவன் உழைத்தான் என்ற சாட்சியும்தான். 'அருங்காட்சி' என்ற சொல்லையே எண்ணிப் பாருங்கள். அரியது எது? பொற்காசு மண்ணுக்குள் கிடந்தும் அழியாமல் மீள்கிறது. 1984இல் ஒரு தையல் தொழிலாளி வைத்திருந்த சங்கச் சந்தாச் சீட்டோ, கூலிக் குறிப்பேடோ, சாயம் ஏறிய கையுறையோ இன்று எத்தனை வீடுகளில் கிடைக்கும்? இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய கொடுமணல் மக்களின் பெயர்களைப் பானையோட்டில் படிக்கிறோம். நாற்பது ஆண்டுக்கு முன் இதே ஆற்றங்கரையில் உழைத்தவர்களின் பெயர்கள் பழைய காகிதக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. இதைத் தடுப்பதும் ஏழைக்குச் செய்யும் நீதியே.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? கொடையையும் உண்மையையும் ஒருங்கே காக்கச் சில வழிகள் தென்படுகின்றன.

முதலாவதாக, பெருங்கொடை வருவதற்கு முன்பே, காட்சிப் பொருளையும் வாசகத்தையும் முடிவு செய்வது கொடையாளர் அல்லாத ஒரு குழு என எழுதி வைத்துவிட வேண்டும். அக்குழுவில் வரலாற்று ஆசிரியரோடு ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் உழவர்களும் பெண்களும் இடம்பெற வேண்டும். உலக அருங்காட்சியகங்களின் பேரவை 2022 ஆகஸ்டில் பிராக் நகரில் ஏற்ற வரையறையும், மக்களின் பங்கேற்பையும் அறநெறியையும் அருங்காட்சியகத்தின் இலக்கணத்திற்குள் சேர்த்துள்ளது. 2014 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த நிறுவனச் சட்ட விதிப்படி, 5 கோடி ரூபாய்க்குக் குறையாத நிகர இலாபம் போன்ற வரம்புகளை எட்டும் நிறுவனங்கள், முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கலை, பண்பாடு, மரபுச்சின்னங்களின் பாதுகாப்பு ஆகியவையும் அப்பட்டியலில் உள்ளன. தன் சரக்குக்கு விளம்பரம் தேடித் தரும் உதவியைச் சமூகப் பொறுப்பாகக் கணக்கிட முடியாது என்றும் விதிகள் கூறுகின்றன. சட்டமே விளம்பரத்தையும் கொடையையும் பிரித்துப் பார்க்கும்போது, நாம் பிரித்துப் பார்க்கத் தயங்க வேண்டியதில்லை.

இரண்டாவதாக, சிறுகொடைகளைத் தேட வேண்டும். எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் இட்ட இரு காசுகளை ஆண்டவர் சுட்டிக்காட்டியதை அறிவோம். அருங்காட்சியகத்தில் அதற்கு நடைமுறைப் பொருளும் உண்டு. ஆயிரம் தொழிலாளர்கள் ஆண்டுக்கு நூறு ரூபாய் தந்தால் கிடைப்பது ஓர் இலட்சம். ஒரே செல்வர் அதனை எளிதில் தந்துவிடுவார். ஆனால் ஆயிரம் பேருக்கு அந்தக் கூடம் தம்முடையது என்ற எண்ணம் வரும். அவர்கள் பிள்ளைகளை அழைத்து வருவார்கள். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய பொருளையும் எடுத்து வருவார்கள். பணம், பொருள், பார்வையாளர் ஆகிய மூன்றும் ஒரே வழியில் வந்து சேரும். எவர் ஒருவர் விலகினாலும் விளக்கு அணையாது.

மூன்றாவதாக, கட்டடத்தைவிட அன்றாடச் செலவை எண்ண வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டுக்குக் கொடையாளர் கிடைப்பர். மின்கட்டணத்துக்கும் காவலர் ஊதியத்துக்கும் பூச்சி அரிப்பைத் தடுக்கவும் கிடைப்பது அரிது. நம் முன்னோர் இதை உணர்ந்திருந்தனர். சோழர் காலத்தில் கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிய 96 ஆடுகளை விட்டனர். ஆடுகள் குட்டியீன்று எண்ணிக்கை குறையாதிருக்க, அவற்றிலிருந்து நாள்தோறும் நெய் அளக்கப்பட்டது. 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுகள் அவற்றைச் சொல்கின்றன. முதலைத் தொடாமல் விளைவை மட்டும் செலவிடும் வைப்புநிதிக்கு இதனினும் நல்ல பெயர் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் தன் கொடையோடு பிறர் கொடைகளையும் கல்லில் பொறிக்கச் செய்தான் என்பதையும் நினைவிற்கொள்ளலாம். கொடையாளர் பெயர் எழுதப்படட்டும். வரவு செலவுக் கணக்கோடும் சிறியோர் பெரியோர் வேறுபாடின்றியும் எழுதப்படட்டும்.

நான்காவதாக, காட்சியே எளிமையாக இருக்கட்டும். நூறு பொருளைக் குவிப்பதைவிட, ஒரு கையியக்கப் பின்னல் இயந்திரத்தை வைத்து, அதை இயக்கியவர் யார், நாளுக்கு எத்தனை மணி நேரம், கூலி என்ன என்று நான்கு வரி எழுதுவது மேல். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் தெருவில் 1863இல் கட்டப்பட்ட ஓர் அடுக்குக் குடியிருப்பே 1988 முதல் அருங்காட்சியகமாகப் போற்றப்படுகிறது. புலம்பெயர்ந்து வந்த குடும்பமொன்று சிறு அறைக்குள் துணி தைத்துப் பிழைத்த வாழ்வை அங்கே அந்த அறையே சொல்கிறது. திருப்பூரின் வரிசை வீடு ஒன்றும் அப்படிச் சொல்ல வல்லதே. இங்கு உழைப்போரில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தோர் பலர். தமிழோடு ஒடியாவிலும் இந்தியிலும் விளக்கம் எழுதினால், அவர்களும் இவ்வூர் வரலாற்றில் இடம் உடையவர்கள் என்பது வெளிப்படும். பழந்துணியின் மீது விழும் ஒளி 50 லக்ஸ் அளவைத் தாண்டலாகாது என்பது காப்பாளர்களின் பொதுவிதி. மிகுந்த வெளிச்சத்தில் துணி வெளிறிப்போகும்.

பங்குச் சமூகங்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. 1640 முதல் விசுவாச மரபு கொண்ட கருமத்தம்பட்டியும், 1886இல் மறைமாவட்டமான கோவையும் தம் ஏடுகளில் எத்தனையோ எளிய மனிதரின் பெயர்களைக் காத்து வந்துள்ளன. திருமுழுக்குப் பதிவேட்டில் செல்வர் பெயரும் கூலியாள் பெயரும் ஒரே அளவு இடத்தில்தான் எழுதப்படுகின்றன. திருச்சபையின் பண்பாட்டுச் செல்வங்களுக்கான திருப்பீட ஆணையம் 2001 ஆகஸ்ட் 15ஆம் நாளிட்ட சுற்றுமடலில், திருச்சபையின் அருங்காட்சியகங்கள் பழம்பொருள் கிடங்குகளாக நின்றுவிடாமல் சமூகத்தின் உயிருள்ள நினைவாக விளங்க வேண்டும் என்று வலியுறுத்தியது. ஊரின் அருங்காட்சியகத்திற்கும் அது பொருந்தும்.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லங்களில் பழைய கூலிக் குறிப்பேடோ, பனியன் கம்பெனியின் அடையாளச் சீட்டோ, மூத்தோரின் நினைவோ இருக்கக்கூடும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். ஒரு தாளில் உரியவரின் பெயர், வேலை, ஆண்டு ஆகியவற்றை எழுதி உடன் வையுங்கள். தாத்தாவும் பாட்டியும் வேலை செய்த காலத்தைப் பிள்ளைகள் கேட்டுப் பதிவு செய்யட்டும். தொழில் நடத்துவோர், நிபந்தனையற்ற கொடையே ஊருக்குத் தாம் விட்டுச்செல்லும் பெரிய சொத்து என்பதை எண்ணிப் பார்க்கட்டும். ஆற்றைக் கெடுத்த ஆண்டுகளையும், அதைத் திருத்த முயன்ற ஆண்டுகளையும் ஒரே சுவரில் எழுத இடம் தரும் கொடையாளர் ஒருவர் முன்வந்தால், அவர் பெயரை முதல் வரியில் எழுத நாம் தயங்கமாட்டோம்.